சித்திரம் வெறும் கைப்பழக்கமா? மனித உருவம் வரையத் தொடங்குவோருக்கு

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருந்தது. அதில் பாதிதான் உண்மை என்று புரிய எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வண்டியூர் தெப்பக்குளத்துப் படிகளில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரைய உட்காருவேன். சுற்றி நின்று பார்ப்பவர்களில் ஒருவராவது தவறாமல் சொல்வார்: "உங்களுக்குக் கை ஓடுகிறது சார். எனக்கு ஒரு நேர்கோடுகூட வராது." முகத்தில் நேர்கோடே கிடையாதே என்று நான் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். கையெழுத்துப் போடத் தெரிந்த எந்தக் கைக்கும் முகம் வரையப் போதுமான திறமை உண்டு. பழக்க வேண்டியது கண்ணை.

இன்னொரு தவறான எண்ணம், நுணுக்கமாக வரைந்தால் ஆள் வந்துவிடுவார் என்பது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். அப்பத்தா இறந்த பிறகு கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. கல்யாணக் கூட்டத்தில் எடுத்த ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து, ஒரு கடையில் பென்சில் ஓவியத்துக்குச் சொல்லியிருந்தோம். வந்த படத்தில் இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக இழைக்கப்பட்டிருந்தது. அத்தை நெடுநேரம் பார்த்தார். "யாரோ நல்ல வீட்டுக் கிழவி மாதிரி இருக்கிறது. எங்கள் அம்மா இல்லை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தப் படத்தில் என்ன இல்லாமல் போனது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

சாயல் எங்கே இருக்கிறது?

பெரியார் பஸ் நிலையத்தில் நூறடி தள்ளி ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். "அது நம் சித்தப்பா அல்லவா?" என்கிறோம். கண் தெரியவில்லை, மூக்கு தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தோள் சரிகிற விதம், தலைக்கும் தோளுக்கும் இடையே கழுத்து எவ்வளவு குட்டையாக இருக்கிறது என்பது, எந்தக் காலில் எடையைப் போட்டு நிற்கிறார் என்பது. அவ்வளவே போதுமாக இருக்கிறது.

பெரிய வடிவங்களுக்கும் அவற்றுக்கு இடையிலுள்ள தூரங்களுக்கும் உள்ள உறவு, பார்த்தவுடன் "இன்னார்" என்று நம்மைச் சொல்ல வைக்கிறது. அதுதான் சாயல். மூக்கைத் தனியாக வெட்டி எடுத்துக் காட்டினால் சொந்தத் தம்பியின் மூக்கைக்கூட நம்மால் அடையாளம் சொல்ல முடியாது. அதே மூக்கு கண்ணுக்கு எவ்வளவு கீழே முடிகிறது, உதடு அதற்கு எவ்வளவு கிட்டே தொடங்குகிறது என்பதில்தான் தம்பி இருக்கிறான்.

இதற்கு மதுரையிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி, குல்லாயையும் மேலாடையையும் விட்டு அரையாடைக்கு மாறினார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படம் வரைகிறவனுக்கு அந்த நாளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மிகக் குறைந்த கோடுகளில் வரைந்துவிடக்கூடிய மனித உருவம் ஒன்று அன்று முழுமை பெற்றது. மழித்த தலை, விரிந்த காது, மெலிந்த கால், அரையில் ஒரு துணி. வட்டக் கண்ணாடியைப் போட்டுவிட்டுக் கண்ணையே வரையாமல் விட்டாலும் அது காந்திதான்.

கயற்கண்ணும் கண்ணும்

மீனாட்சி ஊரில் பிறந்தவனுக்குக் கண் என்றால் மீன். குழந்தையிடம் சாக்பீஸைக் கொடுத்தால், படுத்த மீன் ஒன்றை வரைந்து நடுவில் ஒரு வட்டம் வைக்கும். பெரியவர்களும் அதையேதான் செய்கிறோம், கொஞ்சம் இமை மயிர் சேர்த்து. அது கண் அல்ல. 'அ' என்ற எழுத்தைப் போல, கண் என்பதற்காக மூளை வைத்திருக்கும் ஓர் எழுத்து. பார்த்ததை விட்டுவிட்டுத் தெரிந்ததை வரையும்போது காகிதத்தில் விழும் இந்த எழுத்தைக் குறியீடு என்று வைத்துக்கொள்வோம். நம் படங்களில் எல்லா முகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிவது இதனால்தான்.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பாருங்கள். அது குழிக்குள் இருக்கும் ஓர் உருண்டை. இமை, உருண்டையின் மேல் வளைந்து படிந்த தோல். அதற்குத் தடிப்பு உண்டு, கீழிமையின் விளிம்பில் ஈரமாக ஒரு சிறு திண்ணையே தெரியும். கருவிழி முழு வட்டமாகத் தெரிவது பயந்தவருக்குத்தான், மற்ற நேரத்தில் மேலிமை அதன் தலையைச் சற்று மறைத்துக்கொண்டிருக்கும். விழியின் வெள்ளையும் வெள்ளை இல்லை. இமையின் நிழல் விழுந்து அது சாம்பல் பூத்திருக்கும்.

கண் எங்கே இருக்கிறது என்பதிலும் ஏமாறுகிறோம். ஒரு நூலை எடுத்து உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்து, இரண்டாக மடித்துப் பாருங்கள். பாதி வருமிடம் கண். நம்பாமல் இரண்டு முறை அளந்தவர்கள் உண்டு, நான் அவர்களில் ஒருவன். நெற்றியிலும் தலைமுடியிலும் பார்க்க ஒன்றுமில்லை என்று மூளை அந்த இடத்தைச் சுருக்கிவிடுகிறது. அதனால் தொடங்குகிறவர்கள் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறார்கள், படத்தில் இருப்பவருக்கு மூளை வைக்க இடமில்லாமல் போகிறது. கைக்குழந்தைக்கு மட்டும் கண் பாதிக்கும் கீழே இருக்கும். அதைத் தவறவிட்டால் தொட்டிலில் ஒரு குட்டி வக்கீல் படுத்திருப்பார்.

குறியீட்டை ஏமாற்ற ஒரு வழி, புகைப்படத்தைத் தலைகீழாக வைத்து வரைவது. தலைகீழான மூக்கை மூளைக்கு மூக்கென்று வாசிக்கத் தெரியாது. வேறு வழியில்லாமல் அது வடிவத்தைப் பார்க்கத் தொடங்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: சாயல் உறுப்புகளில் இல்லை, உறவுகளில் இருக்கிறது. அந்த உறவுகளைப் பார்க்கவிடாமல் மறிப்பது நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் குறியீடுகள்.

கொத்தனாரின் பையிலிருந்து

உறவை எப்படிப் பிடிப்பது? சுவர் எழுப்பும் கொத்தனாரைப் பாருங்கள். தூக்குக்குண்டு, ரசமட்டம், அளவுகோல், இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே நிறுத்திவிடுகிறார். முகத்துக்கும் இவை போதும்.

தூக்குக்குண்டு என்பது கற்பனையாக நேர்கீழே விடும் கோடு. கண்ணின் உள்மூலையிலிருந்து அதை இறக்கினால் மூக்கின் சிறகுக்கு உள்ளே விழுகிறதா, வெளியே விழுகிறதா? நிற்பவரின் கழுத்துக்குழியிலிருந்து இறக்கினால் எந்தப் பாதத்தில் விழுகிறது? பெரும்பாலும் எடையைத் தாங்கும் பாதத்தில் விழும். விழாவிட்டால் அவர் எதிலாவது சாய்ந்திருக்க வேண்டும், அல்லது உங்கள் படத்தில் விழுந்துகொண்டிருக்கிறார். ரசமட்டம், படுக்கைக் கோடு. இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அது சொல்லும்.

அளவுகோலுக்குப் பென்சிலே போதும். முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை அவர் உச்சந்தலையில் பொருத்தி, கட்டைவிரலை மோவாய்க்கு நகர்த்துங்கள். கிடைத்தது ஒரு தலை. உடம்பில் அது எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணலாம். வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஏழு முதல் ஏழரை. பிறந்த குழந்தைக்கு நான்கு. ஓர் உறுப்பை இன்னோர் உறுப்பால் அளந்து பெறும் இந்தக் கணக்குதான் அளவு விகிதம். முழங்கை மடங்கினால் அளவுகோலே மாறிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முதல் மாதத்தில் என் படங்களில் எல்லோரும் குள்ளமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் சிற்பிகளிடம் தாலம் என்ற கணக்கு இருக்கிறது. நெற்றியில் முடி தொடங்குமிடத்திலிருந்து மோவாய் வரை ஒரு தாலம், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு அங்குலம். ஸ்கேலில் இருக்கும் அங்குலம் அல்ல இது, சிலையோடு வளர்ந்து சிலையோடு சுருங்கும் அங்குலம். ஒன்பது தாலம் உள்ள உருவத்துக்கு 108 அங்குலம். முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்துக்கு 124. உள்ளங்கையை முகத்தில் வைத்துப் பாருங்கள். மணிக்கட்டு மோவாயில் இருந்தால் நடுவிரல் நுனி நெற்றியின் முடிக்கோட்டுக்கு அருகில் நிற்கும். ஓர் எச்சரிக்கை: தாலம் முகத்தை அளக்கிறது, மேலே சொன்ன ஏழரைக் கணக்கு முழுத் தலையை அளக்கிறது. இரண்டையும் குழப்பினால் ஆள் ஒட்டகச்சிவிங்கி ஆவார்.

அளவைப் பற்றிப் பேசினால் மதுரையில் ஒரு கதை வராமல் இருக்காது. திருமலை நாயக்கரின் அரசிக்குச் சிலை செதுக்கியபோது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்ததாம். அமைச்சர் நீலகண்ட தீட்சிதர், "அப்படியே விடுங்கள், அந்த இடத்தில் அரசிக்கு மச்சம் இருக்கும்" என்றாராம். மன்னருக்குச் சந்தேகம் வந்தது, பிறகு நடந்தது பெரிய கதை. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதைக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முழு உருவமும் சரியாக அமைந்துவிட்டால், பார்க்காத பகுதியையும் அது சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. வரைகிறவர்களுக்கு அது அன்றாட அனுபவம். தலையின் சாய்வும் தோளும் சரியாக விழுந்த நாளில் காது தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும்.

விதிகள் எல்லாம் சராசரி ஆளுக்கானவை. சராசரி ஆள் ஒருவரும் தெப்பக்குளத்துக்கு வருவதில்லை. எதிரே இருப்பவர் சராசரியிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறார் என்று பார்க்கத்தான் விதி. அந்த விலகலைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் கேலிச்சித்திரம், இருக்கும் அளவில் பிடித்தால் உருவப்படம்.

நிற்பதும் சாய்வதும்

முழு உடம்பு வரையும்போது அளவுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: உடம்பு எடையை எப்படித் தாங்குகிறது என்பது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போனால் அரை மணி நேரத்தில் இது புரியும். மல்லிகை மூட்டையைத் தூக்குகிறவர் முதுகை வளைப்பதற்கு முன்னால் ஒரு காலைப் பின்னுக்கு வைக்கிறார். எடை போடுகிறவர் தராசுப் பக்கம் சாயும்போது இடுப்பு எதிர்ப்பக்கம் போகிறது. யாரும் நமக்காக நிற்கப் போவதில்லை. முப்பது விநாடியில், தலையிலிருந்து குதிகால் வரை ஓடும் ஒரே வளைவை முதலில் போட்டு, பிறகு தோள் கோடு, இடுப்புக் கோடு என்று சேர்க்க வேண்டும். இதற்கு ரேபிட் ஸ்கெட்ச் என்று பெயர். முகம் வேண்டாம், விரல் வேண்டாம், ஆள் என்ன செய்கிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஒரு நாளைக்கு இருபது போட்டால் பதினெட்டு குப்பை. எனக்கு இன்றும் அந்தக் கணக்குதான்.

ஒரு காலில் எடை போட்டு நிற்கும்போது அந்தப் பக்க இடுப்பு மேலேறும், அதே பக்கத் தோள் கீழிறங்கும். இரண்டு கோடும் கத்தரிக்கோல் போல எதிரெதிராகச் சாய்வதால்தான் உருவம் உயிரோடு நிற்கிறது. உடல் மூன்று இடங்களில் வளையும் நிலையைச் சிற்பிகள் திரிபங்கம் என்கிறார்கள், வளையாமல் நேராக நிற்பதைச் சமபங்கம் என்கிறார்கள். புது மண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்தில் கைகூப்பி நேராக நிற்கிறார்கள். நிலை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் திருமலை நாயக்கரின் தொந்தியைச் சிற்பி மறைக்கவில்லை. மன்னரின் தொந்தியைக் கல்லில் வைக்கத் துணிந்தவன் உருவப்படக்காரன்.

அறிமுகம் இல்லாதவரை வரைந்தால் முடிந்ததும் காட்டிவிடுங்கள், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். கலைக்காக ஒருவரைச் சங்கடப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கண்ணைச் சுருக்கினால் தெரிவது

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எதிரே இருப்பவரைப் பாருங்கள். நுணுக்கங்கள் கரைந்து, வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். ஒரு திட்டு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதன் அளவை டோன் என்பார்கள். நிழலும் ஒரு வடிவம்தான், அதற்கும் எல்லைக்கோடு உண்டு. மூக்கை வரையாமல் மூக்கின் நிழலை மட்டும் வரைந்தால் மூக்கு வந்து நிற்கும். மதுரை உச்சிவெயிலில் கண்குழி இரண்டும் கறுத்து எல்லோரும் மண்டையோடாகத் தெரிவார்கள். மாலை நாலரைக்கு மேல் பக்கவாட்டு வெளிச்சத்தில் அதே முகம் கன்னமும் தாடையுமாகத் திரண்டு வரும்.

மாநிறம், கறுப்பு நிறம் என்றதும் முகம் முழுவதும் பென்சிலைத் தேய்ப்பவர்கள் அதிகம். விளைவு, கரி பூசிய முகம். கறுத்த தோலில் பளபளப்பான வெளிச்சத் திட்டுகள் அழகாகத் துலங்கும், நெற்றியில் வானத்தின் நீலம்கூட விழும். அந்த இடங்களை விட்டுவிட்டு நிழலை மட்டும் ஆழப்படுத்தினால் நிறம் தானாக வரும். பழுப்புக் காகிதத்தில் கரியும் வெள்ளைச் சாக்கும் எடுத்துக்கொண்டால் இன்னும் எளிது. காகிதமே தோலாகிவிடும், நாம் இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்தால் போதும். நம் முகங்களுக்கு வெள்ளைக் காகிதத்தைவிட அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

சுருக்கமாக: முதலில் சாய்வு, பிறகு அளவு, பிறகு டோன். கண், இமை, மயிர் எல்லாம் அதற்குப் பிறகு. விக்கிரகம் செய்யும் ஸ்தபதி கண் திறப்பதைக் கடைசிச் சடங்காக வைத்திருக்கிறார். நாம் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

எதில் வரைவது?

எந்தப் பொருளில் வரைவது என்பதை ருசியாக மட்டும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பொருளும் ஒன்றை எளிதாகச் சொல்லும், இன்னொன்றைச் சொல்லவே விடாது.

பென்சிலில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் கடினமாகி எச் வகை, குறைந்தால் மென்மையாகிப் பி வகை. கோடு, அளவு, சிறு முகம் ஆகியவற்றுக்கு நல்லது. ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் கிராஃபைட் மினுமினுக்கும், முழுக் கறுப்பு கிடைக்காது. தொடங்குகிறவர்கள் மயிரிழைகளில் மாட்டிக்கொள்வதும் இதில்தான்.

நான் பரிந்துரைப்பது கரிக்கோல். காற்றுப் புகாமல் சுட்ட மெல்லிய குச்சி அது. அதில் இமை மயிர் வரைய முடியாது, அதுதான் அதன் பெருமை. பக்கவாட்டில் படுக்க வைத்து இழுத்தால் ஒரே இழுப்பில் கன்னத்தின் நிழல். தவறினால் துணியால் தட்டினாலே போய்விடும். பெரிய வடிவத்தைப் பார்க்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. முடித்த படத்தின் மேல் ஃபிக்சேட்டிவ் என்ற ஒட்டுத் திரவத்தைத் தெளிக்காவிட்டால் வீட்டுக்குப் போவதற்குள் பாதி முகம் சட்டையில் இருக்கும்.

மை அழியாது. டோன் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் குறுக்கே அடுக்கியும் உண்டாக்க வேண்டும். மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் (1936–2022), பார்வைப்புலம் சுருங்கிக்கொண்டே போகும் கண் நோயோடு, இந்த ஊரின் கோயிலையும் தெருக்களையும் பேனா மைக் கோடுகளில் வரைந்தவர். கை, கண் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். நெற்றியின் பளபளப்பை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும், பிறகு கொண்டுவருவது கடினம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் பாதை அது. எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சத்தைக் கடைசியில்கூட மேலே வைக்கலாம். அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் நீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. நாள்கணக்கில் ஈரமாக இருப்பதால் கன்னத்தின் வெளிச்சத்தை நிழலோடு இழைத்துக் குழைக்க முடிகிறது. அடியில் எண்ணெய் குறைந்த பூச்சும் மேலே எண்ணெய் மிகுந்த பூச்சும் இருக்க வேண்டும், மாறினால் வெடிக்கும். திருவிதாங்கூர் அரண்மனையில் ஓவியராக இருந்த அழகிரி நாயுடு மதுரைக்காரர். ரவி வர்மாவின் மாமா ராஜ ராஜ வர்மா அவரிடம் பயின்றவர் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை உண்டு.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா?

வரையலாம், ஆனால் கேமரா எங்கிருந்து பார்த்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. ஆழ வித்தியாசம். செல்பேசியை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மூக்கு 30, காது 42. காதோடு ஒப்பிட்டால் மூக்கு 1.4 மடங்கு பெருத்துவிடும். ஆறடி தள்ளி நின்று எடுத்தால் அந்த வீக்கம் ஏழு சதவீதத்துக்குள் அடங்கும். செல்ஃபியைக் கட்டம் போட்டு மில்லிமீட்டர் பிசகாமல் நகலெடுத்தாலும் ஆள் வராமல் போவது இதனால்தான். கட்டம் போடுவது தவறில்லை, பேனர் ஓவியர்கள் எல்லோரும் செய்ததுதான். கட்டம், படத்தில் இருக்கும் பிழையையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

அப்பத்தாவின் படத்துக்கு வருகிறேன். அந்தக் கல்யாணப் புகைப்படத்தில் அவர் தலை கட்டைவிரல் நக அளவுதான். கடைக்காரர் தெரியாத இமை மயிரைத் தெரிந்ததாக இழைத்து, முகத்தின் கீழ்ப்பகுதிக்கு வழக்கமான அளவைக் கொடுத்திருந்தார். நான் அளந்து பார்த்தேன். அப்பத்தாவுக்குப் பல் எல்லாம் போய் மூக்குக்கும் மோவாய்க்கும் இடையே தூரம் நன்றாகக் குறைந்திருந்தது. வலது காது கேட்காததால் இடது காதைப் பேசுபவர் பக்கம் திருப்பித் தலையைச் சாய்த்தே இருப்பார். அந்தச் சாய்வு நக அளவிலும் தெரிந்தது.

பழுப்புக் காகிதத்தில் கரியால் தலையின் சாய்வு, குறுகிய தாடை, கண்குழியின் இருட்டு ஆகியவற்றை மட்டும் போட்டேன். கண் வைக்கவில்லை. காதில் தொங்கிய தண்டட்டி புகைப்படத்தில் தெளிவாக இல்லை என்பதால் அதையும் விட்டுவிட்டு, கையைக் கழுவக் கொல்லைப்புறம் போனேன். திரும்பி வந்தபோது அத்தை படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா காதில் இருந்த தண்டட்டியை யாரடா கழற்றினது?" என்று கேட்டார்.